காலியாக விட்ட கட்டம்

"பஸ் நம்பருக்குச் சராசரி எடுக்க முடியாதாக்கும்" என்று முன் சீட்டுப் பெண் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். எழுபதுகளில் ஒரு சாயங்காலம், பாளையத்திலிருந்து கரமனை போகிற பஸ். அவள் புள்ளிவிவர ஆபீஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள். பக்கத்தில் கணவர் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்.

"ஏன், அதுவும் எண்தானே?"

"எண் மாதிரி இருக்கற பேரு. அடையாளத்துக்கு மட்டுந்தான்."

"சரி. ஒருத்தரோட உயரம்?"

"அளக்கறது. அரை, கால் எல்லாம் வரும்."

"ஒரு வீட்டுல எத்தனை குழந்தைகள்?"

"எண்ணறது. அரை வராது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஏண்ணா, கணக்கெடுக்க வந்தா நம்மாத்துக்குப் பூஜ்யம்னுதானே போடணும்?"

அவர் புத்தகத்தை மூடினார்.

"இன்னும் தெரியாத விஷயத்துக்குப் பூஜ்யம் போடப்படாது, கட்டத்தைக் காலியா விடணும்னு நேத்து நீதானே சொன்னே?"

"சொன்னேன்."

"அப்போ காலியா விடு."

"டெஸ்ட்டுல அப்படி எழுதினா மார்க் போடமாட்டா."

"போடாட்டா போறா. நாம இன்னும் எண்ணி முடிக்கலை."

கரமனைப் பாலம் வந்தது. அவள் புத்தகத்தை அவர் மடியில் மறுபடி திறந்து வைத்து, "அடுத்தது கேளுங்கோ" என்றாள்.