பின்பக்கம் மட்டும் பாக்காதீங்க

இல்லை தம்பி, அதுல உக்காராதீங்க, அது பூனையோட நாற்காலி. இதோ, இதுல. முன்பக்கமா உக்காருங்க. பின்பக்கம் போகவே வேண்டாம், அங்க ஒரே இடுக்கு. உங்க உயரத்துக்குக் குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும். எந்தக் கோளாறா இருந்தாலும் திரையைப் பாத்தே கண்டுபிடிச்சிடலாம்.

ஆமா, பழைய மெஷின்தான். பழசுன்னா என்ன? நானும்தான் பழசு, என்னை மாத்திட்டுப் புதுசு வாங்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் சொல்லலை.

என் தங்கச்சி ரூமைப் பாத்துட்டுத்தானே வர்றீங்க? என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லலையா. செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தாளா. அப்படித்தான் உக்காருவா. காலம் பூரா வீட்டு பிளான் வரைஞ்சே சம்பாதிச்சவ, செவுத்தைக் கண்டா மனசுக்குள்ள அளவெடுக்க ஆரம்பிச்சிடுவா. நான் நூலகத்துல இருந்தேன். அதனாலதான் நீங்க இவ்வளவு மெதுவா பேசறது எனக்குப் பிடிச்சிருக்கு.

அந்தப் பக்கம் இப்ப சரியாயிடுச்சா? இப்பன்னா என்ன அர்த்தம், முன்னாடி சரியில்லையா? சரி விடுங்க, சொல்ல இஷ்டமில்லைன்னா வேண்டாம்.

நான் ஒண்ணு கேக்கறேன், உங்களைக் கூப்பிட்டது யாரு? நான் கூப்பிடலை. அவளும் இல்லையா? ஓ, அவ பையனா. ஊர்லேருந்தே போன் போட்டுச் சொன்னானா. அவனுக்கு அவசரம். என்ன அவசரம்னு சொல்றேன், முதல்ல உங்க காலை அந்த வயர் மேலேருந்து எடுங்க.

இது இன்டர்நெட் வயர் இல்லை தம்பி. என் கம்ப்யூட்டர்லேருந்து கிளம்பி, அந்தச் செவுத்து ஓட்டை வழியா நேரா அவ கம்ப்யூட்டருக்குப் போகுது. அவ்வளவுதான் அதோட உலகம். அவ பையன்தான் போட்டுக் கொடுத்தான், நாங்க ரெண்டு பேரும் செஸ் ஆடறதுக்கு. நடுவுல கதவு இருக்கேன்னு நீங்க நினைக்கறது எனக்குப் புரியுது. கதவைத் திறந்தா மூஞ்சியைப் பாக்கணுமே.

முன்னாடியெல்லாம் மரப்பலகை வெச்சு, எதிரெதிரா உக்காந்துதான் ஆடினோம். ஒரு நாள் அவ குதிரையைத் தொட்டா. தொட்ட காயை நகர்த்தணும், அதுதான் சட்டம். நகர்த்து அப்படின்னேன். நான் எங்க தொட்டேன், தூசி இருந்துது, தட்டிவிட்டேங்கறா. யோசிச்சுப் பாருங்க. சட்டத்தை மீறினது ஒரு குத்தம். என் வீட்டுல, நான் துடைச்சு வெச்ச பலகைல தூசின்னு சொன்னது அதைவிடப் பெரிய குத்தம். அன்னியோட பேச்சு நின்னுபோச்சு. அதுக்காக ஆட்டத்தை நிறுத்த முடியுமா? கம்ப்யூட்டர்ல ஒரு சௌகரியம், யாரும் எதையும் தொட முடியாது. தூசியும் கிடையாது.

பலகைக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல எழுதி அனுப்பலாம். பால் தீந்துபோச்சு, காஸை அணைச்சியா, உன் போன் சமையல்கட்டுல கத்திட்டிருக்கு, இந்த மாதிரி. அது பேச்சு ஆகாது. அது தகவல்.

அந்த வயர் செத்துப்போனதுலேருந்து வீடு வீடா இல்லை. அவளும் பால் வாங்கறா, நானும் வாங்கறேன். ரொட்டியும் அப்படித்தான், அடுக்கி வெக்க இடமில்லை. வேற வழியில்லாம பூனைகிட்ட சொல்ல ஆரம்பிச்சோம். நான் கூடத்துல நின்னு, ஏய் பூனை, குளியலறைல குழாய் சொட்டுதுன்னு சொல்லுவேன். அவ உள்ளேருந்து, பூனை, அது எனக்கும் தெரியும்னு சொல்லுன்னு கத்துவா. ரெண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு அதுக்கு அலுத்துப்போச்சு. இப்பல்லாம் வாசல்லயே படுத்துக்குது, சாப்பிட மட்டும்தான் உள்ள வருது.

என்ன சொல்லுது திரை? நெட்வொர்க் கார்டு நல்லா இருக்குன்னா? பாத்தீங்களா, பழசுன்னு சொன்னீங்களே. அப்ப டிரைவரா இருக்கும். ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க, எனக்கு டிரைவர்னா என்னன்னு தெரியும், கார் ஓட்டறவரில்லை, மெஷினுக்குள்ள இருக்கற புரோகிராம். அதுவும் சரியா இருக்கா? அப்ப வெயில்தான். மத்தியானம் இந்த ரூம்ல சட்டி மாதிரி கொதிக்கும்.

வயரைச் சோதிக்கணுமா? உக்காருங்க, உக்காருங்க, நானே கழட்டித் தர்றேன். இந்தாங்க. உங்க பொட்டில எல்லா விளக்கும் எரியுதே, அப்ப வயர் நல்ல வயர். குடுங்க, நானே சொருகிடறேன். ம். ஆச்சு. கிளிக்குன்னு சத்தம் வரலையா? வயசான போர்ட்டு தம்பி, எல்லாத்துக்கும் சத்தம் போட்டுட்டிருக்காது.

போர்ட்டுப் பக்கத்துல பச்சை விளக்கு எரியலைதான். நானும் பாக்கறேன்.

அவசரம் என்னன்னு சொல்றேன்னேனே. அவ பையன் அவளைத் தன்கூட வந்து இருக்கச் சொல்றான். மொத்தமா. ரூமுக்கு பெயின்ட் அடிச்சு, கட்டில் வாங்கிப் போட்டாச்சாம். இவ என்ன சொன்னான்னா, அக்காகூட ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு, அது முடிஞ்ச மறுநாள் காரைக் கொண்டு வான்னுட்டா. அவன் தினமும் போன் போட்டு, அம்மா முடிஞ்சுதா, அம்மா முடிஞ்சுதான்னு உயிரை எடுக்கறான். வயர் வேலை செய்யலைன்னு இவ சொன்னதும் உங்களை அனுப்பி வெச்சிருக்கான். தாராளமா போகட்டும். எனக்கு ரெண்டு ரூம் ஆகும். இதுல புத்தகம் வெப்பேன், அதுலயும் புத்தகம் வெப்பேன்.

ஆட்டமா? நான்தான் ஜெயிக்கறேன். பாருங்க, அவ ராஜா மூலைல மாட்டிக்கிட்டிருக்கு. இந்த யானையை இப்படியே கடைசி வரிசைக்குத் தள்ளினா முடிஞ்சுது. ஒரே நகர்த்தல், அதுவும் என்னோட முறை. சின்ன வயசுலேருந்து ஆடறோம், ஒரு தடவைகூட இவளை நான் ஜெயிச்சதில்லை. சமமா முடிச்சதுகூட அவ காய்ச்சல்ல படுத்திருந்தப்பதான்.

எங்க எழுந்திருக்கறீங்க? டார்ச்சு எதுக்கு? டீ போடட்டுமா? பால் நிறைய இருக்கு. பின்னாடி பல்லி இருக்கு தம்பி. கடிக்காதுதான், ஆனா திடீர்னு வாலைப் போட்டுட்டு ஓடும், பாக்க நல்லா இருக்காது. கேக்க மாட்டீங்க. சரி, பாருங்க. உங்க தொழில் அது, நான் யாரு தடுக்க.

இடுக்கி போட்டா எடுக்கப் போறீங்க? மெதுவா இழுங்க, போர்ட்டுக்குள்ள இருக்கற கம்பி வளைஞ்சிடப் போகுது.

ஆமா. பஞ்சுதான். மாத்திரை பாட்டிலைத் திறந்தா மேல அடைச்சு வெச்சிருப்பாங்களே, அந்தப் பஞ்சு. பூனை மேல பழி போடலாம்னு பாத்தேன், அதுக்கு மாத்திரை பாட்டில் திறக்கத் தெரியாது. நான்தான் வெச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. பழைய மெஷின், இந்த பார்ட் இப்ப வர்றதில்லை, தேடிப் பாத்து வாங்கணும்னு அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க, போதும். பொய் சொல்லச் சொல்லலை, தள்ளிப்போடச் சொல்றேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. சாமானை எடுத்து வெச்சுக்கோங்க, டீ குடிச்சிட்டு...

இருங்க. உங்க சட்டைப் பையிலேருந்து ஏதோ விழுந்துது. ரோஸ் கலர்ல. குடுங்க இப்படி.

ரப்பர். பென்சில் அழிக்கற ரப்பர். என்ன மெல்லிசா சீவியிருக்கா! உள்ள இருக்கற கம்பிங்களை மட்டும் மூடற மாதிரி, அளவெடுத்து, ஓரத்துல சின்னதா ஒரு படி வேற வெட்டி. இதை எங்கேருந்து எடுத்தீங்க? சொல்லுங்க, திட்ட மாட்டேன். அவ போர்ட்லேருந்தா?

இதை வெச்சா வயர் முழுசா உள்ள போகும். கிளிக்குன்னு சத்தம்கூட வரும், யாருக்கும் சந்தேகம் வராது. நான் பஞ்சை அடைச்சு வெச்சிருக்கேன் பாருங்க, தலகாணி மாதிரி. எதுலயும் என்னைவிட ஒரு படி மேலதான் அவ.

தோத்துடுவோம்னு வெச்சிருப்பா. ஆமா, அதுக்குத்தான். வேற எதுக்கு? நீங்க ஏன் சிரிக்கறீங்க?

சரி, இதைக் கொண்டுபோய் எங்க எடுத்தீங்களோ அங்கேயே வெச்சிடுங்க. தலைகீழா வெச்சிடாதீங்க, படி மேல வரணும். நான் பாத்தேன்னு மூச்சுவிடக் கூடாது. அவ செவுத்தைப் பாத்துட்டு இருந்தான்னா, நீங்களும் ஒண்ணும் தெரியாத மாதிரி வேலையை முடிச்சிட்டு வந்துடுங்க.

பஞ்சா? அதைக் குப்பைல போடுங்க. ஒரு வயருக்கு ரெண்டு அடைப்பு எதுக்கு, அவளோடதே போதும்.

அப்புறம், போறப்ப வாசல்ல பூனை இருக்கும். அவ காதுல விழற மாதிரி கொஞ்சம் சத்தமா அதுகிட்ட சொல்லிட்டுப் போங்க, இன்னைக்குப் பால் நான் வாங்கிட்டேன்னு.