எலுமிச்சம்பழத்தோடு சஹாராவுக்கு

ஹெப்பாளிலிருந்து திரும்பும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரே ஃபேக்டரி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். இளையவள் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"அக்கா, டிசம்பர்ல அல்ஜீரியா போறேன். சஹாரா பாலைவனம்."

"யார் கூட?"

"தனியாத்தான். டூர்காரங்க விசாவுக்கு அழைப்புக் கடிதமே அனுப்பிட்டாங்க. லீவும் கிடைச்சிருச்சு."

"வீட்டுல கேட்டியா?"

"கேக்கலக்கா, சொன்னேன்."

"மாதேஸ்வரன் மலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மூணு தடவை வாந்தி எடுத்தவ நீ!"

"அது மலைப்பாதை, முழுக்க வளைவு. பாலைவனத்துல ஏதுக்கா வளைவு?"

அக்கா சிரிக்கவில்லை. ரெண்டு ஸ்டாப் தாண்டியதும் அந்தப் பழத்தை வாங்கி ஒருதரம் மோந்து பார்த்தாள்.

"பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாளாகும்டி?"