மங்கலாத் தெரிந்த ஃபோல்டர்

— வெறும் மஞ்ச டப்பாவா நிக்குது பாரு கண்ணு. முன்ன ஒவ்வொரு டிசைனும் படமா தெரியும்.

— செட்டிங் மாறிக்கீதுமா. எத்தினி வருஷத்து கம்ப்யூட்டரு இது?

— எம்புள்ள விக்னேஷ் பாலிடெக்னிக் சேந்தப்ப வாங்கினது. பதினோரு வருஷம் ஆவுது. இதுலதான் முந்தானைக்கு டிசைன் போட்டு தறிக்காரங்களுக்குக் குடுப்பான்.

— இப்ப எங்க அவன்?

— அதான் கண்ணு பேஜாரு. மூணு நாளா வீட்டுக்கு வரல. போன் ஆஃப். இதுல எதுனா எழுதி வெச்சிருப்பானோன்னுதான் கம்ப்யூட்டர் கடைக்கு போன் பண்ணேன். கடைக்காரரு தமிழ்வாணன் சாயங்காலம் ஆளு அனுப்பறேன்னாரு, நீ கால் மணி நேரத்துல வந்துட்ட.

— சும்மாதான் இருந்தேன்.

— பை கூட எடுத்துகினு வரல.

— செட்டிங் மாத்தறதுக்கு பை எதுக்கு.

— வெளிய வண்டில ரெண்டு பேரு நிக்கறாங்களே, உன்கூட வந்தவங்களா? வெயிலு கொளுத்துது, உள்ள கூப்புடு. டீ போடறேன்.

— வேணாம். அவங்க அங்கயே இருக்கட்டும். நீங்க இப்டி பக்கத்துல ஒக்காருங்க. போன டேபிள் மேல வெச்சிடுங்க.

— போன் எதுக்குப்பா?

— வெச்சிடுங்கமா.

— சரி, வெச்சிட்டேன். படம் வருமா?

— படம் காட்டாதன்னு ஒரு டிக் போட்டு வெச்சிக்கீறான். அத எடுத்துட்டேன். இப்ப பாருங்க.

— தோ, வந்துடுச்சே. மயிலு, அன்னம், ருத்ராட்சம்... இதெல்லாம் பழசு கண்ணு. இந்த மாசம் போட்டது ஒண்ணயும் காணமே.

— மறச்சி வெச்சிருப்பான். மறச்சதயும் காட்டுன்னு ஒரு எடம் கீது. இருங்க, மெதுவா தெறக்குது... தோ.

— என்னாது அது, மங்கலா ஒரு ஃபோல்டரு?

— மறச்சி வெச்சது அப்டித்தான் தெரியும். ஒரே ஒரு ஃபைலு கீது. தேதியோட லிஸ்ட்டா வெக்கட்டுமா?

— லிஸ்ட்டு வேணாம்பா, பொடி எழுத்து எனக்கு ஒண்ணும் தெரியல. பெரிய படமா வெய்யி.

— சரி.

— கல்யாணப் பொடவ முந்தானை இது. ஏதோ பேரு போட்டிருக்கான் பாரு. கண்ணாடி இல்ல, படிச்சி சொல்லு.

— விக்னேஷ்.

— பக்கத்துல?

— எழிலரசி.

— யாருப்பா அது? இந்த ஊருப் பொண்ணா?

— அவன் பேரு முன்ன. எங்க வீட்டுப் பேரு பின்னால. பட்டுல போட்டு நெய்ய குடுத்துக்கீறான்.

— என்ன கண்ணு சொல்ற?

— கீழ ஃபைல் பேர பாருங்க. ‘சம்பந்தம், முள்ளிப்பட்டு, வியாழன் அறுப்பு.’ அறுப்புன்னா இன்னா?

— நெய்து முடிச்ச பொடவைய தறிலேந்து அறுத்து எடுக்கறது. யாரு தறி, எந்த ஊரு, என்னிக்கு அறுப்புன்னு ஃபைல் பேர்லயே எழுதிடுவான். அது அவன் பழக்கம்.

— இன்னிக்கி வியாழன். அறுக்கும்போது இவன் அங்க இருப்பானா?

— பேரு போட்ட பொடவைய வேற யாரு கைலயும் குடுக்க மாட்டாங்க. வெத்தல பாக்கு வெச்சி, மாப்ள நின்னு வாங்கணும்.

— பொண்ணு?

— அதுவும் கூட இருக்கும்... தம்பி, நீ கடைலேந்து வந்த ஆளுதானா?

— நீங்க போன் பண்ணப்ப கடைல ஒக்காந்துகினு இருந்தேன். எழிலரசிக்கு அண்ணன். அஜித்குமார்.

— ஐயோ. தம்பி, அவன் கோழி அறுத்தா கூட பாக்க மாட்டான்பா. அவன ஒண்ணும் பண்ணிடாதப்பா. கூட்டிகினு வா, பெரியவங்கள வெச்சி பேசலாம்.

— மூணு நாளா எங்க வீட்ல யாரும் சோறு துன்னல. பேச இன்னா கீது? எழுந்திரிங்க, அந்த ரூம்ல போயி ஒக்காருங்க. போன நான் எடுத்துகினு போறேன்.

— கால்ல வேணா விழறேன்பா.

— வேணாம். முன்கதவு வெளிய பூட்டறேன். பின்கதவ அப்பவே பசங்க பூட்டிட்டாங்க. சத்தம் போடாதீங்க. அங்க அவன் இல்லன்னு வெய்யிங்க, நேரா இங்கதான் திரும்பி வருவேன். டேய், வண்டிய எடுங்கடா. ஜல்தி.

— பின்கதவும் தொறக்கலயே. ரெண்டு பக்கமும் பூட்டிட்டானுங்க.

— அலோ. விக்னேஷு, அம்மா பேசறேன்டா.

— யம்மா, இது என் பழைய போனாச்சே. உன் போன் எங்க?

— அவன் எடுத்துகினு போயிட்டான். இத அரிசி மூட்டைக்குள்ள வெச்சிருந்தேன். எழில் சொன்ன மாதிரியே அந்தக் கடைலதான் ஒக்காந்துகினு இருந்திருக்கான். நான் போன் பண்ண உடனே ஓடி வந்துட்டான்.

— நம்பிட்டானா?

— பூரா நம்பிட்டான். மறச்சி வெச்சத அவனே தேடி எடுத்தான்ல. தேதியோட லிஸ்ட் போடட்டுமான்னான், எனக்கு உசுரே போயிடுச்சி. போட்டிருந்தா, இன்னிக்கி காலைல நான் பேர மாத்தி புதுசா சேவ் பண்ணது தெரிஞ்சி போயிருக்கும்.

— எங்க போயிருக்கான்?

— முள்ளிப்பட்டுக்கு. சம்பந்தம் வீடு ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்குது. போயி வர முக்கா மணி நேரம் ஆவும். எங்க இருக்கீங்க?

— காட்பாடி ஸ்டேஷன்ல. வண்டி வர இன்னும் பத்து நிமிஷம். எழில் அழுதுகினே இருக்கா, உன்ன விட்டுட்டு ஏற மாட்டேங்கறா. அவன் போன உடனே பின்பக்கமா சேவூர் சித்தி வீட்டுக்குப் போயிடறேன்னு சொன்னியே, கெளம்பிட்டியாம்மா?

— வந்துட்டேன்பா. சித்தி வீட்லதான் ஒக்காந்துகினு இருக்கேன், இப்பதான் காபி குடுத்தா. நீங்க ரெண்டு பேரும் வண்டி ஏறுங்க.