இரண்டு போனுக்கு ஒரு சிம்

— நாலு ஜீபி டேற்றா எண்டால் சும்மாவே? காலமை ஏழு மணிக்குப் போட்டது. பன்னிரண்டு மணிக்கிடையிலை வழிச்சுத் துடைச்சாச்சு. அப்பிடி என்ன படம் பாத்தனீர், ரூபி?

— படமோ? நான் விடிஞ்ச நேரம் தொடக்கம் வளையல் தட்டோடை வெயிலுக்கை நிக்கிறன். என்ரை போன் வானுக்குள்ளை அரிசிப் பேணிக்குப் பக்கத்திலை கிடக்கு. தேர் இழுக்கிற நாளிலை ஆருக்கப்பா படம் பாக்க நேரம்?

— அப்ப நானே பாத்தனான்? நான் கொழும்புக் கடைக்காரனுக்கு ரெண்டு வளையல் படம் அனுப்பினன். வேறை ஒண்டுமில்லை.

— எனக்கென்ன தெரியும்? உங்கடை போனிலையிருந்துதானே எனக்கும் வருது. முப்பது அடி தள்ளிப் போனால் நிண்டுபோகும். கட்டையிலை கட்டின ஆட்டுக்குட்டி மாதிரி இந்த வானைச் சுத்திச் சுத்தித்தான் நானும் மேயிறன்.

— விசர்க்கதை கதையாதையும். ஒரே வானுக்குள்ளை சமைச்சு, ஒரே வானுக்குள்ளை படுத்தெழும்புற ரெண்டு பேருக்கு ரெண்டு சிம் என்னத்துக்கு? ரெண்டு வருசமா உப்பிடித்தானே ஓடுது. உமக்கு என்ன குறை வந்தது?

— குறை எண்டு சொன்னனானே? நீங்கள்தான் உச்சி வெயிலுக்கை களவு பிடிக்கிற மாதிரிக் கேக்கிறியள். வேணுமெண்டால் கேளுங்கோ, ஒவ்வொரு நிமிசமும் என்ன செய்தனான் எண்டு சொல்லுறன். முதலாவதா வந்தது ஒரு குமர்ப்பிள்ளை. பிறந்து ரெண்டு நாளான குழந்தைக்குக் கறுப்பு வளையல் கேட்டுது. பிள்ளை, முதல் வளையல் அம்மம்மாக்காரியின்ரை கையாலை வரவேணும், அதுதான் எங்கடை வழக்கம் எண்டு சொன்னன். அது போனை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டுது. ஆரோ செத்தவீட்டுக்காரி மாதிரிக் கண்ணெல்லாம் தண்ணி.

— உம்மடை வாய்க்கு அதுவும் வேணும், இன்னமும் வேணும். யாவாரத்துக்கு வாற சனத்துக்கு வழக்கம் படிப்பிக்கிறீரே. பொறும், போன் அடிக்குது... ஹலோ. இல்லை. பிழை நம்பர். வையுங்கோ.

— ஆராம்?

— ஆரோ. பிழை நம்பர்.

— போன மாசம் புளியங்குளத்திலை நிக்கேக்கையும் ஒரு பிழை நம்பர் வந்தது. அதுக்கு முதல் மாங்குளத்திலையும். எனக்கு அடிக்க ஒரு நாய் இல்லை. உங்களுக்கெண்டால் பிழை நம்பரும் தேடித் தேடி அடிக்குது.

— அதை விடும். டேற்றாக் கதைக்கு வாரும். எனக்கு அந்தக் கச்சான்கடலைக் கடைக்காரியிலைதான் ஐமிச்சம். காலமை தொடக்கம் போனும் கையுமா இருக்கிறா. எங்கடை பாஸ்வேர்ட்டை எப்பிடியோ எடுத்துப்போட்டா.

— ராஜினி அக்காவோ? பாவம், அவவின்ரை போன் பட்டன் போன். ஆரையும் சும்மா சொல்லாதையுங்கோ. ஆர் ஆர் எங்கடை ஹொட்ஸ்பொட்டிலை நிக்கினம் எண்டு உங்கடை போனிலையே பாக்கலாம். தாங்கோ.

— அதெல்லாம் உமக்குத் தெரியுமோ?

— காட்டித் தந்தவள் ஒருத்தி இருந்தவள்.

— ஆர்?

— ஆரெண்டு சொன்னால் நீங்கள் எரிஞ்சு விழுவியள்.

— அப்ப சொல்லாதையும்.

— சொல்லேல்லை. தாங்கோ போனை. இஞ்சை பாருங்கோ, கனெக்ட் ஆன போன் ரெண்டு எண்டு காட்டுது. ஒண்டு "ரூபி". அது என்ரை. மற்றது...

— மற்றது? ராஜினி எண்டு கிடக்கே? நான் சொன்னனானெல்லே.

— இஞ்சருங்கோ. நீங்களே வாசியுங்கோ. எனக்கு எழுத்தெல்லாம் ஆடுது.

— கண்ணாடியை வானுக்குள்ளை விட்டிட்டன். க... ஜு...

— கஜுக்குட்டி.

— என்ன?

— கஜுக்குட்டி எண்டு கிடக்கு, என்னப்பா. என்ரை போனுக்கு "ரூபி" எண்டும் தன்ரைக்கு "கஜுக்குட்டி" எண்டும் பேர் வைச்சவள் அவள்தானே. உலகத்திலை வேறை ஆரும் அப்பிடிப் பேர் வைக்கமாட்டினம். தள்ளுங்கோ, நான் ஓடிப்போய்ப் பாக்கிறன். என்ரை பிள்ளை இஞ்சை நிக்கிறாள்.

— இரும், இரும். விழப்போறீர். உந்தக் கதிரையிலை இரும். அதெல்லாம் ஒண்டுமில்லை. போனை வித்திருப்பாள். ஆரோ வாங்கியிருப்பினம். பாஸ்வேர்ட் உள்ளுக்குக் கிடந்து தானாப் பிடிச்சிருக்கும். தாரும், நான் இதை நிப்பாட்டுறன்.

— தொடாதையுங்கோ. நிப்பாட்டினால் நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? இது முப்பது அடிக்குள்ளை நிக்குது. இந்த வேப்ப மரத்துக்கும் அந்தத் தண்ணீர்ப் பந்தலுக்கும் இடையிலை எங்கையோ என்ரை பிள்ளை நிக்குது, நீங்கள் நிப்பாட்டப் போறன் எண்டு சொல்லுறியள்.

— உம்மடை பிள்ளை ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு முல்லைத்தீவுக் கடற்கரைப் பெடியனோடை பஸ் ஏறிப் போட்டாள். மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பெடியன். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஊருக்குள்ளை தலை காட்டேலாமல்தானே வீட்டைப் பூட்டிப்போட்டு உந்த வானிலை ஏறினனாங்கள். மறந்துபோனீரே?

— நான் ஒண்டும் மறக்கேல்லை. நீங்கள்தான் மறக்கடிக்கப் பாத்தியள். "கஜனி வளையல் மாளிகை" எண்டு வானிலை கிடந்த பேரை ஒரே பொழுதிலை பெயின்ற் அடிச்சு அழிச்சியள். வெள்ளை வானை நீல வானாக்கினியள். வளையல் யாவாரி ஆராவது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை விடுவினமே? ரெண்டு பொங்கலும் போகேல்லை. முல்லைத்தீவுப் பக்கம் யாவாரமில்லை எண்டியள். நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். ஆனால் போனுக்கை அவள் வைச்ச பாஸ்வேர்ட்டை மட்டும் உங்களாலை மாத்தேலாமல் போச்சு. ஏனெண்டால் எப்பிடி மாத்துறதெண்டு உங்களுக்குத் தெரியாது.

— மெல்லக் கதையும். சனம் பாக்குது.

— பாக்கட்டும். கஜனி... பிள்ளை கஜனி...

— ரூபி, கத்தாதையும். கோயில் வாசல்.

— கோயில் வாசலிலை கத்தாமல் நான் எங்கை கத்துறது? கஜனி...

— அன்ரி.

— பேந்து வாரும் பிள்ளை. இப்ப யாவாரமில்லை. ஓ, காலமை கறுப்பு வளையல் வாங்கின பிள்ளையெல்லே நீர். அளவு பிழைச்சுப்போச்சோ? பேந்து மாத்தித் தாறன், இப்ப எனக்கு ஒண்டும் ஏலாது.

— வளையல் மாத்த வரேல்லை அன்ரி. டேற்றா முடிஞ்சுபோச்சு. அதுதான் வந்தனான்.

— என்ன சொல்லுறீர்?

— கோவிக்காதையுங்கோ அன்ரி. என்ரை பேர் கம்சா. கஜனி மச்சாளைக் கட்டின டிலக்ஸன் அண்ணான்ரை தங்கச்சி. இது கஜனி மச்சாளின்ரை போன்.

— தாரும். தாரும் பாப்பம். ஓம், இதுதான். இந்த மூலை வெடிப்பு, குசினிப் படியிலை விழுத்தினவள். அவள் எங்கை? ஏன் நீர் கொண்டு திரியிறீர்? பிள்ளைக்கு என்ன நடந்தது? சொல்லும்.

— ஒண்டும் நடக்கேல்லை அன்ரி, மாதாவே, அழாதையுங்கோ. மச்சாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலை சுகமா இருக்கிறா. முந்தநாள் விடியப்பறம் பொம்பிளைப் பிள்ளை கிடைச்சிருக்கு. உங்களைப் போலை மூக்கு.

— ஐயோ.

— ரூபி, தண்ணி குடியும். இந்தாரும்.

— வேண்டாம். விடுங்கோ. நீர் சொல்லும் பிள்ளை. ஆனையிறவைத் தாண்டினால் அரை மணித்தியாலம். அரை மணித்தியாலத் தூரத்திலையோ என்ரை பிள்ளை பிள்ளை பெத்துக் கிடக்கிறாள்? நான் இஞ்சை நிண்டு ஊர்ப் பிள்ளையளுக்கு வளையல் போட்டுக்கொண்டு நிக்கிறன்.

— மச்சாள்தான் அனுப்பினவா அன்ரி. பளையிலை தேர், வளையல் வானெல்லாம் வரும், அம்மாவும் வந்தாலும் வருவா, ஒருக்காப் பாத்திட்டு வா எண்டு. எனக்கு உங்களை அடையாளம் தெரியாது. வெள்ளை வான், "கஜனி வளையல் மாளிகை" எண்டு பேர் எழுதிக் கிடக்கும் எண்டவா. நான் விடிய வந்து ரெண்டு தரம் சுத்திப் பாத்தன், அப்பிடி ஒரு வானும் இல்லை. திரும்புவம் எண்டு நினைக்கேக்கை போன் தானாப் பிடிச்சுது. மச்சாள் முதலே சொன்னவா. பேரும் நிறமும் மாறினாலும் மாறும், போன் தானாப் பிடிச்ச இடத்திலை நில்லு, சுத்திப் பார், அம்மா நிப்பா எண்டு.

— காலமையே என்னட்டை வந்து வளையல் வாங்கினீரே. அப்பவே ஏன் சொல்லேல்லை?

— மாமா பக்கத்திலை நிண்டவர் அன்ரி. பயமாக் கிடந்தது. மச்சாளும் சொன்னவா, ஒண்டும் கதையாதை, முதல் வளையலை மட்டும் அம்மாவின்ரை கையாலை வாங்கு எண்டு. நான் காசு தந்ததுதான் பிழை. நீங்கள் அம்மம்மாக்காரியின்ரை கையாலை வரவேணும் எண்டு சொன்னவுடனை எனக்கு அழுகை வந்திட்டுது. மச்சாளும் கேட்டுக்கொண்டிருந்தவா.

— கேட்டுக்கொண்டிருந்தவளோ? எப்பிடி?

— வீடியோவிலை அன்ரி. அண்ணான்ரை போன் அவவிட்டை. நான் இந்தப் போனை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு நிண்டதே அதுக்குத்தான். பேந்து அந்தத் தண்ணீர்ப் பந்தல் தூணிலை சாத்தி வைச்சன். நீங்கள் தட்டுத் தூக்கினது, வேர்வை துடைச்சது, பிள்ளையளுக்குக் கை பிடிச்சு வளையல் போட்டது, எல்லாத்தையும் மச்சாள் குழந்தையை மடியிலை வைச்சுக்கொண்டு பாத்தவா. அஞ்சு மணித்தியாலம் அன்ரி. உங்கடை டேற்றாவிலைதான். அது முடிஞ்சவுடனை படம் நிண்டுபோச்சு. அங்கை அவ அழுகிறா எண்டு அண்ணா எனக்கு அடிச்சவர்.

— கேட்டியளோ? நாலு ஜீபியை ஆர் திண்டது எண்டு கேட்டனீங்களெல்லே. இப்ப கேட்டியளோ?

— கேட்டன்.

— ஏன் பிள்ளை, ஒளிச்சு நிண்டு பாக்கிற அளவுக்கு நான் என்ன செய்தனான்? ரெண்டு வருசத்திலை ஒரு போன் எடுத்தாளே? அம்மா செத்தாளோ இருக்கிறாளோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டாளே? அதை நினைச்சு நினைச்சே நான் அரைவாசியாப் போனன்.

— என்ன அன்ரி சொல்லுறியள்? மாசத்துக்கு ஒருக்கா எடுக்கிறவா. எங்கடை வீட்டிலை ஒவ்வொருத்தரின்ரை போனிலையும் மாறி மாறி எடுக்கிறவா. பேந்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடமாட்டா.

— எந்த நம்பருக்கு?

— இந்தாங்கோ, "அம்மா" எண்டு சேவ் பண்ணிக் கிடக்கு. பாருங்கோ.

— இது என்ரை பழைய நம்பர். இந்தச் சிம் செத்து ரெண்டு வருசம், பிள்ளை. ரீசார்ஜ் காட் போடாமல் விட்டதிலை கம்பனி வெட்டிப்போட்டுதாம். மாமாதான் கழட்டி எறிஞ்சவர்.

— சாகேல்லையே அன்ரி. அடிச்சால் அடிக்குது. ஒரு ஆம்பிளை எடுத்து, பிழை நம்பர் எண்டு சொல்லிப்போட்டு வைக்கிறார். இப்ப வீடியோ நிண்டவுடனையும் எடுத்தவா. அதே ஆள், அதே சொல்லு.

— ரூபி.

— நீங்கள் கதையாதையுங்கோ. போனைக் காட்டுங்கோ.

— ரூபி, நான் சொல்லுறதை ஒருக்கா...

— காட்டுங்கோ எண்டுறன். இஞ்சை, மேலை. ரெண்டு சிக்னல் காட்டுது. ரெண்டு வருசமா இதைக் கண்ணாலை பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஏன் ரெண்டு எண்டு ஒரு நாள் கேக்கேல்லையே, மடைச்சி. ரெண்டு போனுக்கு ஒரு சிம் காணும் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு, ஒரு போனுக்கை ரெண்டு சிம் வைச்சிருந்தியளோ? என்ரை சிம்மை உங்கடை போனுக்கை போட்டிட்டு, அதிலையிருந்து எனக்குச் சொட்டுச் சொட்டா ஊத்தினியளோ?

— நீர் ஒரு சொல்லுக் கதைச்சால் எல்லாத்தையும் விட்டிட்டு அவளிட்டை ஓடிப்போயிருப்பீர். எனக்குத் தெரியும். பேந்து நான் தனிய...

— ஓடித்தான் போயிருப்பன். ஏன், அவள் எனக்குப் பிள்ளையில்லையே? நான் பெத்தது பிழை நம்பரையோ?

— மாமா, நான் ஒண்டு கேக்கட்டே? கோவிக்காதையுங்கோ. குரல் அப்பாவின்ரைதான் எண்டு மச்சாளுக்குத் தெரியும். அவ கேக்கச் சொன்னவா. கதைக்க விருப்பமில்லாட்டில் நம்பரை வெட்டிவிடலாமெல்லே. சிம்மை எறியலாமெல்லே. ஏன் ஒவ்வொரு மாசமும் காட் போட்டு வைச்சிருந்து, எடுத்து எடுத்துப் பிழை நம்பர் எண்டு சொல்லுறியள்?

— சொல்லுங்கோ. பிள்ளை கேக்குதெல்லே.

— எடுத்தவுடனை அவள் "அம்மா" எண்டுவாள். அந்த ஒரு சொல்லு. அதைக் கேட்டிட்டு வைச்சிடுவன். குரல் நல்லாக் கிடந்தால் எனக்கு அந்த மாசம் காணும்.

— உங்களுக்குக் காணும். எனக்கு?

— பிழைதான், ரூபி.

— மாமா, போன் அடிக்குது.

— இஞ்சை கொண்டாங்கோ. கையை எடுங்கோ, நான் எடுக்கிறன்... ஹலோ. ஓம் மோனை. அழாதை. நம்பர் சரிதான், எடுத்த ஆள்தான் பிழை.