பிரேக் வால்வில் ஒரு நூல்

— கிரேன் லிவர்ல இருந்து ஒன் கை நழுவலப்பா தங்கசாமி. அதச் சொல்லத்தான் அருப்புக்கோட்டையில இருந்து பஸ்ஸேறி வந்தேன்.

— மூட்டைய எறக்கிட்டு வாரேன்ணே. ஆளுக பாக்குறாக.

— பாக்கட்டும். கெணறு வெட்டுற கிரேன் ஓட்டுன கையி காரியாபட்டி சந்தையில வெங்காய மூட்டை தூக்குது. அதுக்குக் காரணம் இந்த வீரபத்திரன்தான்.

— விடுங்கண்ணே. இப்ப எதுக்கு அதெல்லாம்.

— கேளு. வாளியத் தூக்கி எறக்குற வின்ச்சு மோட்டாரப் பிரிச்சு மாட்டுனது நானு. பிரேக் வால்வ மண்ணெண்ணெயில கழுவுனா காத்தடிச்சுத்தான் காய வைக்கணும். நான் மில்லு வேஸ்ட்டுப் பஞ்ச வச்சுத் தொடச்சேன்.

— நம்மூருப் பட்டறையில எல்லாருக்கும் அதுதானண்ணே. சும்மா கெடைக்குதுல்ல.

— சும்மா கெடச்சதுதான் வெனை. அந்தப் பஞ்சுல இருந்த ஒத்த நூலு வால்வு வாயில சிக்கி, முழுசா மூடவிடல. அதான் நீ லிவர நிறுத்துன பெறகும் கல்லு வாளி தானா எறங்கி, கெணத்துக்குள்ள நின்ன முனீஸ்வரன் கால் மேல விழுந்துச்சு.

— மெதுவாப் பேசுங்கண்ணே.

— அவன் கால எடுத்த அன்னைக்கே வால்வப் பிரிச்சுப் பாத்துட்டேன். நூல உருவிப் பையில போட்டுக்கிட்டு, கிரேன் மொதலாளிகிட்ட வால்வு நல்லாத்தான் இருக்குன்னேன். பட்டறை பேரு கெட்டுருமேன்னு பயம். வெக்கங்கெட்ட பய நானு. மூணு மாசமா சோறு எறங்கல.

— ஒக்காருங்கண்ணே. டீ சொல்றேன்.

— டீ குடிக்கவா வந்தேன்? பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு ஆயிப்போச்சு. மச்சினன் காலக் காவு வாங்குனவன்னு ஊரு ஒன்னயச் சொல்லுது. ராமலட்சுமி ஒன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு திருச்சுழியில அவ ஆத்தா வீட்டுல கெடக்கா.

— போனது அவ தம்பி காலுண்ணே. அப்பிடித்தான் இருப்பா.

— காலையில எஸ்.டி.டி. பூத்துல இருந்து மொதலாளிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். கெளம்பு. திருச்சுழிக்கு நேரா பஸ்ஸு இருக்கு. அவுக எல்லார் கால்லயும் விழுந்து நானே சொல்றேன். ஒன் பொண்டாட்டியக் கையோட கூட்டிட்டு வந்துருவோம்.

— வேண்டாம்ணே.

— என்னக் காப்பாத்தப் பாக்குறியா? அந்தப் பெருந்தன்மைய என்னால தாங்க முடியாது தங்கசாமி.

— பெருந்தன்மை எல்லாம் இல்லண்ணே. விடுங்க.

— விட மாட்டேன். குத்தம் பண்ணுனவன் நான் நிமிந்து பேசுறேன். நீ எதுக்குய்யா தலையத் தொங்கப் போடுற?

— அன்னைக்கு ஆளு எறங்குறதுக்கு முன்னாடி ஒரு பாறாங்கல்லத் தூக்கிப் பாத்தேன். லிவர நிறுத்துனேன். கல்லு ஒரு சாண் தானா எறங்குச்சு.

— என்னது?

— ரெண்டாவது தடவையும் எறங்குச்சுண்ணே. அதுக்கு முந்துன நாத்தான் நீங்க மாட்டிக் குடுத்தது. திரும்ப வந்து பாருங்கன்னு சொன்னா, எம் வேலையவா கொற சொல்றேன்னு சடைப்பீகளேன்னு வாய மூடிக்கிட்டேன். முனீஸ்வரனும் பாத்துட்டான். எறங்கட்டுமா மச்சான்னு என்னயத்தான் கேட்டான். ஒண்ணும் ஆகாது, எறங்குன்னு நாந்தாண்ணே சொன்னேன்.