ஆறு ஆணிகள்

என் படகில் ஏறுகிறவர்களுக்கு நான் முதலில் கழிப்பறையைத்தான் காட்டுவேன். மான் தேடி வருகிறவனும் மீன் தேடி வருகிறவனும் முதல் அரைமணி நேரத்தில் தேடுவது அதைத்தான். அடுத்தது லைஃப் ஜாக்கெட், அதற்கடுத்து தீயணைப்புக் கருவி, கடைசியாகக் கடவுள். இந்த வரிசையில் நம்பினால் போதும் என்பேன். சிரிப்பார்கள். சிரித்தவனுக்கு ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்பது மறப்பதில்லை.

அலாஸ்காவின் இந்தக் கரையில் பத்தொன்பது வருடங்களாக இதுதான் என் தொழில். என் லைசென்ஸ் ஆறு பயணிகளுக்கு. சுக்கான் அறைக் கதவில் ஆறு ஆணிகள் அடித்து, எண் போட்ட ஆறு பித்தளைத் தகடுகளை மாட்டியிருக்கிறேன். வேட்டைக்குக் கரையில் இறங்குகிறவன் தன் தகட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி ஏறியதும் மாட்ட வேண்டும். ஆறும் தொங்கினால்தான் எஞ்சினைக் கிளப்புவேன். விசாரணைக்கு வந்த நீங்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டீர்கள். கதவில் ஏழாவது ஆணிக்கு இடம் இருந்தது என்பதையும் குறித்துக்கொண்டீர்கள். இடம் இருந்தது. ஆனால் அடித்த ஆணி சாட்சி சொல்லும்.

நவம்பர் இரண்டாம் வாரம் நெப்ராஸ்காவிலிருந்து லைல் என்பவர் தன் கூட்டாளிகளோடு வந்தார். ஆறு பேர் என்றுதான் பேச்சு. துறையில் ஏழு பேர் நின்றார்கள். ஏழாவது ஆள் வெண்டல், லைலின் மனைவிக்குத் தம்பி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கையில் ஒரு முழுப் பன்றித்தொடை வைத்திருந்தார், அவரே புகை போட்டது. கட்டணம் வாங்கினால்தான் பயணி, வாங்காவிட்டால் விருந்தாளி என்பது என் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு என்பது எனக்குத் தெரியும். பன்றித்தொடை கட்டணம் ஆகாது. அது அன்பு. நன்றாக இருந்தது.

முதல் நாளே வெண்டல் தகடுகளைப் பார்த்துவிட்டார்.

"கேப்டன், எனக்கு ஒண்ணு கெடையாதா?"

"உங்களுக்கு எதுக்கு? நீங்க விருந்தாளி."

"விடுறா மச்சான்," என்றார் லைல். "உன்ன விட்டுட்டுப் போனா மிச்ச பேருக்குக் கறி கூடக் கெடைக்கும்."

வெண்டலும் சேர்ந்து சிரித்தார். தினமும் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் பேருந்தின் கடைசி சீட்டு வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டுவாராம். வருடத்துக்கு ஒருத்தனாவது தூங்கிக்கொண்டிருப்பானாம். அன்று மாலை கரையில் ஒதுங்கிய மரத்துண்டு ஒன்றைக் கத்தியால் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மாலை காற்று திரும்பியது. ஆறு பேர் ஏறிவிட்டார்கள், ஆறு தகடுகளும் தொங்கின. வெண்டல் மட்டும் கரையில், அறுத்துச் சுத்தம் செய்த தன் மானோடு காத்திருந்தார். அவரை அழைத்துவர ரப்பர் படகை இறக்கும்போது வயர்லெஸ்ஸில் வேறொரு கேப்டன் பேசினான். துறைமுக வாயிலில் கடலோரக் காவல்படை ஒவ்வொரு படகையும் நிறுத்தித் தலை எண்ணுகிறதாம்.

கரைக்குப் போய் வெண்டலிடம் மறைக்காமல் சொன்னேன். அவருடைய குணம் அப்படி. அவரிடம் பொய் சொல்ல மனம் வராது.

"அங்க எண்ணுறாங்களா?" என்று கேட்டார்.

"எண்ணுறாங்க."

"எண்ணுறது நல்ல பழக்கந்தான். காலையில வந்துருவீங்கல்ல?"

"விடியறதுக்குள்ள வந்துருவேன்."

"லைல்கிட்ட சொல்லிருங்க. இல்லன்னா தேடுவான்."

தார்ப்பாய், காபிக் குடுவை, நான்கு ரொட்டித்துண்டுகள், தீப்பெட்டி கொடுத்தேன். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம், கதகதப்பாக இருக்கும் என்றேன். மூன்று கொக்கிகளையும் நானே பூட்டிவிட்டேன். மானைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டேன். ரத்த வாடைக்குக் கரடி வரும். அவருடைய பாதுகாப்புக்காகத்தான். ஏழாவது மானை யாரும் எண்ணுவதில்லை. கையடக்க வயர்லெஸ் ஒன்றைக் கொடுத்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். கொடுத்தால் பேசியிருப்பார்.

லைலிடம் சொன்னேன். வேறு விதமாகச் சொன்னேன். நண்பன் படகில் இடம் இருக்கிறது, அவன் ஏற்றிக்கொண்டு வருகிறான் என்று. வாயிலில் ஓர் இளம் அதிகாரி ஏறி, தலைகளை எண்ணி, தகடுகளை எண்ணி, எல்லாப் படகும் இப்படி இருந்தால் தங்களுக்கு வேலையே இருக்காது என்றார். நன்றி சொன்னேன். பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் விடியுமுன் கிளம்பினேன். முனையைத் தாண்டும் இடத்தில் அலை சுக்கான் அறைக்கு மேல் எழுந்தது. திரும்பிவிட்டேன். அந்த அலையில் போகிறவன் மடையன். மடையனை நம்பி யார் படகில் ஏறுவார்கள்?

காவல்படையின் ஹெலிகாப்டர் அந்தக் காற்றிலும் பறந்திருக்கும். இருபத்தைந்து நிமிடம். அதை நான் மறுக்கவில்லை. அவரை விட்டுவந்த இரண்டாவது நாள் மதியம் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தேன். அவர்களுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: படகில் எத்தனை பேர் போனீர்கள்? திரும்ப வைத்துவிட்டேன்.

காற்றினால் ஊருக்குப் போகும் விமானமும் இல்லை. லைல் விடுதியிலிருந்து தினமும் கேட்டார். நண்பன் படகு பழைய மீன் தொழிற்சாலைப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அங்கே அடுப்பு இருக்கிறது, சீட்டுக்கட்டு இருக்கிறது என்றேன். வெண்டல்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறாராம் என்றும் சேர்த்துக்கொண்டேன். கவலைப்படுகிறவனுக்கு ஒரு விவரம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

"அந்தப் பய ஜெயிக்கிறானா?" என்றார் லைல். "அப்ப எதிர்ல ஒக்காந்திருக்கறவன் செத்தவனாத்தான் இருக்கணும்."

நானும் சிரித்தேன்.

வெண்டலை விட்டுவந்த நான்காம் நாள் காலை கடல் எண்ணெய் தடவியது போல் கிடந்தது. தனியாகப் போனேன். பெரிய மரத்தண்டு ஒன்றில் சாய்ந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தார்ப்பாயைக் காற்று கொண்டுபோயிருந்தது. லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கிகளும் பூட்டியபடி இருந்தன. கரடி தொடவில்லை. மானை அப்புறப்படுத்தியது சரியான முடிவு என்பதற்கு அதுவே சான்று.

வலது கையில் எதையோ மூடி வைத்திருந்தார். விரல்களைத் திறக்க நேரமாயிற்று. வட்டமாகச் செதுக்கிய மரத்துண்டு. ஆணியில் மாட்ட மேலே துளை, நடுவில் ஏழு என்ற எண். சுத்தமான வேலை. படகின் அடுப்பில் போட்டேன். ஈரமரம், புகைந்துகொண்டே கிடந்தது. அது சாம்பலான பிறகுதான் வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

கேட்டால் சொல்கிறேன். வெண்டலை அந்தக் கரையில் விட்டது நான். உயிரோடு எடுத்திருக்க முடியும் என்று தெரிந்தே இரண்டு நாள் கூப்பிடாமல் இருந்ததும் நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். உங்கள் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் 'உயிரிழந்த பயணிகள்' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பூஜ்யம் ஆக்குங்கள். பத்தொன்பது வருடத்தில் என் படகில் ஒரு பயணிகூடச் செத்ததில்லை. வேண்டுமானால் தகடுகளை எண்ணிப் பாருங்கள்.