ஏறிய எடை இறங்காது

– அப்படின்னா நான் இங்க பறந்து வந்ததே தப்புங்கிறியா, மார்வா?

– நான் சொல்லல, தலைவரே. சட்டம் சொல்லுது. முதல்ல பான்கேக்கைச் சாப்பிடுங்க, ஆறிப்போகுது. பாகு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?

– பாகு கெடக்கட்டும்! போன மாசம் நீதானே இந்த ப்ளேனை எனக்கு வித்த? செத்துப்போன உன் அண்ணன் வெண்டலோடது, ரெண்டு சீட்டு, இலகு ரகம், டாக்டர் சீட்டு இல்லாம கார் லைசென்ஸ் வச்சிருக்கிற கிழவனும் ஓட்டலாம்னுதானே வாங்கினேன்?

– வாங்கினீங்க. ஓட்டலாமான்னு கேக்கல. இத்தனை வருஷமா இதையே பழுது பாத்தவ நான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

– கேக்க என்ன இருக்கு? ஆளு, பெட்ரோல் எல்லாம் சேத்து தூக்குற எடை ஆயிரத்து முந்நூத்தி இருபது பவுண்டுக்குள்ள இருக்கணும், அவ்வளவுதானே? தகட்டுல ஆயிரத்து இருநூத்தி அறுபதுன்னு அடிச்சிருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நானே படிச்சேன்.

– தகடு இன்னிக்கு நிலையைத்தான் சொல்லும். நடுவுல கொஞ்ச காலம் அது ஆயிரத்து நானூறு. வால் பக்கம் மாத்தி அமைச்சு, முறையா அனுமதி வாங்கி, தூக்குற எடையை ஏத்தினான் வெண்டல். பிற்பாடு அவனே இறக்கிட்டான்.

– இறக்கிட்டான்ல? அப்புறம் என்ன?

– இலகு ரகம்னா, பொறந்த நாள்லேருந்து ஒரு நாள்கூட வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது, தலைவரே. ஒருக்கா தாண்டினா தாண்டினதுதான். திரும்பி வந்தாலும் கதவு திறக்காது.

– அநியாயமா இருக்கே! அதே இறக்கை, அதே எஞ்சின். என்னிக்கோ ஏறின எடைக்கு இன்னிக்கு வந்து தண்டனையா?

– "ஒருக்கா தவறினவன் தவறினவன்தான். சட்டம்னா சட்டம்." இது யார் வாக்குன்னு ஞாபகம் இருக்கா?

– அதை எதுக்கு இப்போ இழுக்கிற?

– இதே மைதானம். இதே பான்கேக் திருவிழா. வெண்டலோட லைசென்ஸைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி மனுவில கையெழுத்து வாங்க வந்தேன். விமான கிளப் தலைவர் ஓரின் ஹால்வர்சன், நீங்கதான், வாயில பன்றிக்கறியை மென்னுக்கிட்டே அப்படிச் சொன்னீங்க.

– அது முப்பது வருஷத்துக்கு முந்தின கதை, மார்வா.

– உங்களுக்குக் கதை. அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி இந்த ஓடுபாதையில முன்சக்கரம் ஒடிஞ்சப்போ பக்கத்து சீட்ல இருந்தது யாரு? கத்துக்கிறேன் கத்துக்கிறேன்னு அவன் கையை மீறி ஸ்டியரிங்கை இழுத்தது யாரு? அப்புறம் விசாரணையில, "வெண்டல் வாயில சாராய வாடை அடிச்சுது"ன்னு சொன்னது யாரு?

– பயந்துட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தா எனக்கு லைசென்ஸே கிடைச்சிருக்காது.

– உங்களுக்குக் கிடைச்சுது. அவனுக்குப் போச்சு. காபியைத் தவிர எதையும் தொடாத மனுசன். ப்ளேனை இங்கேயே விட்டுட்டு, ஊரே பாத்துக்கிட்டு நிக்க, சோள லாரியில ஏறி வீட்டுக்கு வந்தான். சாகிற வரைக்கும் ஆகாயத்தை அண்ணாந்து பாக்கல.

– சர்ச்சுல முப்பது வருஷமா பக்கத்துல நின்னு பாடியிருக்கோமே. அத்தனையும் மன்னிப்பைப் பத்தின பாட்டுதானே?

– தாளம் தப்பாமத்தான் பாடினேன். மன்னிச்சேன்னு என்னிக்காவது சொன்னேனா?

– சரி, நான் பாவிதான். இப்போ என்ன பண்ணச் சொல்ற?

– டாக்டர்கிட்ட போங்க. உடம்பு நல்லாருக்குன்னு எழுதி வாங்கினா எந்த ப்ளேனையும் ஓட்டலாமே.

– நெஞ்சைப் பொளந்து தைச்சிருக்காங்கடி! அவன் முடியாதுன்னு எழுதிட்டா கார் லைசென்ஸ்ல பறக்கிற வழியும் அடைஞ்சு போயிடும். அது உனக்குத் தெரியாதா?

– தெரியும். தெரிஞ்சுதான் வித்தேன்.

– இதுக்காக என் பெரிய ப்ளேனையும் குடுத்துட்டேன், மார்வா. என் பொண்டாட்டி லெனோரா போனதுலேருந்து எனக்கு மிச்சம் இருக்கிறது மேல இருக்கிற அந்தக் காத்து மட்டுந்தான். இன்னிக்கு ஒரு நாள் விடு. வீடு வரைக்கும் பறந்துக்கிறேன்.

– நான் தடுக்கலையே. அதோ, மூணாவது மேசையில வெண்ணெய் தடவிக்கிட்டு இருக்காரே, அவர்தான் அரசாங்க இன்ஸ்பெக்டர். அவரைக் கேட்டுட்டுப் பறங்க. இல்ல, நான் கேக்கட்டுமா?

– வேணாம். வேணாம்மா.

– அப்போ வாசல்ல சோள லாரி நிக்குது. டிரைவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். முன்சீட்ல எடம் இருக்கு.

– எல்லாம் யோசிச்சு வச்சிருக்க.

– யோசிக்க நிறைய நேரம் இருந்துச்சு, தலைவரே.

– சரி, போறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. வெண்டல் ஒல்லிக்குச்சி. நீ காத்தடிச்சாப் பறக்கிற ஆளு. உங்க ரெண்டு பேருக்கு அந்தப் பழைய எடையே தாராளம். அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு ஏத்தினான்?

– அதோ, அப்பா பறந்து வந்ததைப் படம் எடுக்கணும்னு கேமராவோட ஓடி வர்றாளே உங்க மக கொரின், அவ அந்த விபத்துக்கு முந்தின வருஷம் குறைப்பிரசவத்துல பொறந்து, தூரத்துல ஒமாஹா ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா கெடந்தா. அப்போ நீங்க முந்நூறு பவுண்டு, தலைவரே. வாரா வாரம் உங்களை அவகிட்ட கொண்டுபோய்ச் சேக்கத்தான் அவன் எடையை ஏத்தினான்.